கழுதைக்கு என்ன விலை

நானூற்றுப் பன்னிரண்டாம் அறையின் போர்வையை உதறியபோது
சத்தமில்லாமல் தரையில் விழுந்தது.
சாம்பல் நிறம். முழங்கை நீளம். கழுதை.
ஒரு காதைத் தூண்டில் நரம்பால் தைத்திருந்தார்கள்,
அவசரப்படாத கையின் முடிச்சு.
வயிற்றுப் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கி
யாருடைய கன்னத்துக்கோ இடம் விட்டிருந்தது.

ரீகாவில் இந்த ஓட்டலில் பத்தொன்பது வருடமாக
அடுத்தவர் படுக்கையைக் கலைத்து விரிக்கிறேன்.
தலையணைகள் என்னிடம் எதையும் மறைப்பதில்லை.
பளு தூக்க வந்தவனின் உறைக்குள் ஒரு முயல்.
வங்கி அதிகாரி ஒருத்தி, ஐம்பதைத் தாண்டியவள்,
நகையை மேசைமேல் விட்டுவிட்டு
பென்குயினைப் பெட்டகத்தில் பூட்டிப் போவாள்.
கூடைப்பந்து ஆடவந்த நெட்டைப் பையன்கள்
ஒருவனுக்கொருவன் தெரியாமல் ஒளித்துவைத்த வாரம் ஒன்று உண்டு:
நான்கு அறை, ஏழு பொம்மை.
யாரிடமும் மூச்சு விடவில்லை நான்.
எடுத்த இடத்திலேயே வைப்பேன்,
முகம் மேலே பார்த்திருக்கும்படி.
அதற்கு மூச்சு முட்டக் கூடாதே.

வரவேற்பில் இருக்கும் ஐனார்ஸ் கூப்பிட்டுச் சொன்னான்.
டோர்லெய்ஃப், டிரோம்சோ, சுரங்கப்பாதைச் சோதகர்.
"என் மகளுடையது" என்றாராம்.
"அவசரமில்லை. வேண்டுமானால் தூக்கிப் போடுங்கள்."
நான் முகர்ந்து பார்த்தேன்.
எந்த மகளும் சவர நுரை பூசிக்கொள்வதில்லை.

இரவு இரண்டேகாலுக்கு அவரே மறுபடி அழைத்திருக்கிறார்.
"தூக்கிப் போட்டுவிட்டீர்களா?"
அவ்வளவுதான் கேள்வி.
இல்லை என்றதும்
வெகுநேரம் லைனில் மூச்சு மட்டும் வந்ததாம்.
காலையில் இதைச் சொன்னபோது ஐனார்ஸ் சிரிக்கவில்லை.
அவனுக்கு இருபத்திரண்டு வயது, சிரித்திருக்கலாம்.

அன்று தபால் நிலையம் மூடியிருந்தது.
பொய். திறந்துதான் இருந்தது.
பனி கொட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
டிராமில் கைப்பைக்கு வெளியே அதன் மூக்கு.
எதிரே இருந்தவர் அதைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பிறகு தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு வந்தார்.

என் யூரிஸ் அயர்லாந்தில் காளான் பறிக்கிறான்.
இது நான்காவது குளிர்காலம்.
ஞாயிறுதோறும் திரையில் வருவான்,
முகம் உறைந்துபோகும், குரல் மட்டும் நடந்துகொண்டிருக்கும்.
கட்டிலில் அவன் பக்கம்
இஸ்திரி போடாத துணி குவிந்து கிடக்கிறது.
அதை நகர்த்தினேன்.

ஒரு கழுதை என்ன செய்துவிடும்?
ஆறுதல் சொல்லத் தெரியாது அதற்கு.
எல்லாம் சரியாகிவிடும் என்று புளுகத் தெரியாது.
இருந்தால் நானூறு கிராம் இருக்கும்.
அது ஏறி உட்கார்ந்ததும்
நெஞ்சிலிருந்து வேறெதுவோ இறங்கிப் போனது.
என்னவென்று பார்க்கும் முன் தூங்கிவிட்டேன்
நாற்பத்தேழு வயதில், வாயைப் பிளந்துகொண்டு,
முன்பின் தெரியாத ஒரு மனிதனின் கழுதையோடு.
யூரிஸிடம் இதை எப்படிச் சொல்வது என்று
பல் துலக்கும்போது சிரிப்பு வந்து நுரை சிதறியது.

நார்வேக்குச் சுங்கப் படிவம் எழுத வேண்டும்.
பொருள்: பொம்மை.
நிலை: பழையது.
மதிப்பு:
பேனா அங்கே நின்றுவிட்டது.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவள் அவசரப்படுத்தினாள்,
"பூஜ்யம்னு போடுங்க, வரி வராது."
போட்டேன்.
போட்டுவிட்டு, காப்பீடு வேண்டும் என்றேன்.
"பூஜ்யத்துக்கா?"
"ஆமாம். இருப்பதிலேயே பெரியது."

வரிசை முணுமுணுத்தது.
அவள் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தாள்.
அட்டையும் கயிறும் சேர்த்து முந்நூற்று முப்பது கிராம்.
எங்கோ தப்பு.
ராத்திரி இதைவிடக் கனமாக இருந்தது.