உப்புப் பச்சை

வலெட்டா, மார்ச் நாற்பத்திரண்டு.
கூரையில் பாதி இல்லை; தையல் மிஷின் இருக்கிறது.

"இரண்டாவது பட்டை வைக்கணும், செராஃபா.
முதலில் கடல்தண்ணீரில் ஊறப்போடுங்கள்,
பழையதுபோல் பச்சை ஏறட்டும்.
புதுச்சரிகை மின்னினால் மாலுமிகள் சிரிப்பார்கள்."

அவனுக்கு நெளிப்பட்டை.
போருக்கென்று வந்தவர்களுக்கு அப்படித்தான்;
நேர்ப்பட்டை கப்பலிலேயே வளர்ந்தவர்களுக்கு.
இவன் போன வருஷம்வரை
வங்கியில் வட்டி போட்டவன்.

ஊறவைக்க நேரமில்லை. விடியலில் கப்பல்.
கூலி வந்து தருவதாகச் சொல்லி
மின்னிக்கொண்டே போனான்.

ஒன்பதாம் நாள்
மூட்டையில் வந்தது கோட்டு மட்டும்.
இரண்டு பட்டையும் ஒரே பச்சை.
கூடவே ஒரு சீட்டு: சரிகை தட்டுப்பாடு,
பிரித்து வேறொருவருக்கு வைக்கவும்.

பிரித்தேன்.
பழைய பட்டையின் அடியில்
வெயில் படாத நீலம், நெளிநெளியாய்.
புதியதன் அடியில்
என் ஊசித் துளைகள்.