கொக்கி

குன்னூரில் பழைய வீடுகளுக்குக்
கூரையில் கொக்கி கிடையாது.
கணப்பு உண்டு, புகைபோக்கி உண்டு,
கம்பளி அடுக்க ஆள் உயர மரப்பெட்டி உண்டு.
இங்கே ஒரு விசிறி தொங்கும் நாள் வரும் என்று
கட்டினவர்கள் கனவிலும் நினைக்கவில்லை.
அதனால்தான் எனக்குப் பிழைப்பு.

பங்குனி பிறந்ததும் போன் அடிக்கும்.
ட்ரில்லிங் மெஷின், ஏணி, இரும்புக் கொக்கி,
தலைக்கு ஒரு துண்டு.
கீழே நிற்பவர்கள்
வானத்திடம் சொல்லவேண்டியதை எல்லாம்
என்னிடம் சொல்கிறார்கள்.
அந்த நேரத்தில் மேலே இருப்பவன் நான்தானே.

"மே மாசத்தில ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு
பரீட்சைப் பேப்பர் திருத்தினவ நான்,
இப்போ பாரு, முதுகோட துணி ஒட்டுது" என்பார்
பெட்போர்டு பிலோமினா டீச்சர்.
ஜோகி கவுடருக்கு வேறு கணக்கு:
பனி விழவேண்டிய மாசம் மழை,
மழை விழவேண்டிய மாசம் வெயில்,
கேரட்டுக்கு எதைச் சொல்லிச் சமாதானம் பண்ண?
சென்னையிலிருந்து வந்து காட்டேஜ் வாங்கியவர்
"குளிருக்குத்தானேய்யா இவ்வளவு காசு கொடுத்தேன்" என்றார்,
கிரயப் பத்திரத்தில்
நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டதுபோல.

நான் பதில் சொல்வதில்லை.
ஏணியில் நின்று வாயைத் திறந்தால்
சிமெண்டுத் தூள் விழும்.

போன வருஷத்திலிருந்து ஒரு புதுப் புகார்.
"மாட்டி நாலு மாசம் ஆகல,
இறக்கை கறுத்துப்போச்சு, பெயிண்டு சரியில்ல"
கியாரண்டி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
மாதியக்கா.
மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு நேர் மேலே,
கொண்டை ஊசி வளைவை ஒட்டிய வீடு.

இறக்கையின் ஓரத்தை விரலால் வழித்தேன்.
பெயிண்டு அப்படியே இருந்தது, வெள்ளையாக.
தூசு என்றால் ஊதினால் போகும்.
இது மை.
சிம்னி விளக்கின் கண்ணாடியைத் துடைத்த விரல்போல
ரேகை ரேகையாய்ப் பிடித்துக்கொண்டது.

ஜன்னலுக்கு வெளியே சீசன்.
காட்டேரிப் பார்க்கிலிருந்து நகராத வரிசை.
ஏறுகிற வண்டி முதல் கியரில் முக்க,
இறங்குகிற வண்டி பிரேக்கில் கருக,
ஒரு காரிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி
யாரோ ஒருத்தி மூச்சை இழுத்துவிட்டு
"ஆஹா, என்ன காத்து!" என்றாள்.
பொய் சொல்லவில்லை அவள்.
எங்கிருந்து வந்தாளோ.

"திறந்தா புகை, மூடினா புழுக்கம்.
இதை எத்தனையில வைக்கணும், சொல்லு."
மூன்றில் வையுங்கள் என்றேன்.
தெரிந்த பதில் அதுதான்.

"அது கிடக்கட்டும், முதல்ல இங்க ஒரு பாயிண்ட் போடு"
கட்டில் தலைமாட்டைக் காட்டினார்.
கட்டில் பக்கம் பாயிண்ட் கேட்டால்
முன்பெல்லாம் ஹீட்டருக்கு.
இந்த வருஷம் இது மூன்றாவது வீடு,
குழந்தைக்கு ஆவி பிடிக்கிற மெஷினுக்கு.
பையன் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு
விமானம் ஓட்டுகிறவன்போல
என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான்.

கூலியில் நூறு குறைத்துக்கொண்டேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

என் வண்டி பழைய டீசல்.
சாவியைத் திருப்பினால் வாசல் முழுக்கக் கறுப்பு.
அன்றைக்கு இன்ஜினைப் போடாமல்
நியூட்ரலில் உருட்டியே இறக்கினேன், அரைக் கிலோமீட்டர்.
நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள்,
மாதியக்கா ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தார்.
வளைவு தாண்டியதும் சாவியைத் திருப்பினேன்.
அதற்குள் பிரேக்கு நாறிவிட்டது.

ராத்திரி என் வீட்டில்
ரோசலின் பாயை நடைக்கு இழுத்துப் போட்டாள்.
ஊர் முழுக்க விசிறி மாட்டுகிறாய்,
இங்கே மட்டும் என்ன என்றாள்.
இது தகரக் கூரை,
ஓட்டை போட்டால் மழை உள்ளே வரும் என்றேன்.

போடு,
அப்படியாவது வரட்டும் என்றாள்.