தங்கூசி

மதர்போட்டை முதலில் வாங்கியதுதான் பிழை.
என்.சி. வீதியில், சுற்றாத மின்விசிறிகளுக்குக் கீழே
ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் கிடந்தது.
அட்டைப்பெட்டி கசங்கவில்லை. அதில்தான் ஏமாந்தேன்.
வீட்டில் ஏற்கெனவே ஒரு இன்டெல் சிப்,
தீப்பெட்டிக்குள், பஞ்சு சுற்றி.
இரண்டும் சேரும் என்று எனக்கு யார் சொன்னது?
ஒருவரும் சொல்லவில்லை.

கிண்ணியாவிலிருந்து நஸ்மிர் போனில் சிரித்தான்:
"அக்கா, இன்டெல்லுக்குக் கால் மதர்போட்டில.
ஏஎம்டிக்குக் கால் சிப்பில.
உங்களிட்ட இருக்கிற ரெண்டுக்கும் காலில்லை.
பிறகு என்ன நடக்கும்?"

அடுத்த பஸ்ஸில் பாலம் தாண்டினேன்.
சிப்புக்குச் சிப் மாற்று, மேலே எழுநூறு.
அவன் தந்ததில் மூன்று கால் வளைந்திருந்தது.
ஊசி நுனியால் நிமிர்த்தினேன்,
குழந்தையின் சோற்றில் மீன்முள் தேடுகிற மாதிரி
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

கேசிங், உப்புவெளியில் மூடிப்போன ஹோட்டலுடையது.
கடலைப் பார்த்திருந்த விலா முழுக்கத் துரு.
பவர் சப்ளை அபயபுரவில் நிமேஷா தந்தாள்.
காசு வேண்டாம் என்றாள்,
படியிறங்கியதும் கூப்பிட்டு
ஒரு கிலோ கீரிமீன் என்றாள்.
ராம் மட்டும் நல்ல பிள்ளை,
எந்தக் கம்பனி வீட்டிலும் சாப்பிடும்.

சிப்பைக் குளிர்விக்கிற விசிறி இன்டெல்காரருடையது.
ஏஎம்டியின் ஓட்டைகள் ஒரு விரல் விலகி நின்றன.
அடுத்த வீட்டு அலோசியஸிடம் தங்கூசி கேட்டேன்.
"என்ன மீனுக்கு?"
"சூட்டுக்கு."
நாற்பது இறாத்தல் தாங்கும் என்று
விளங்காமலே ஒரு பாகம் அறுத்துத் தந்தார்.
நான்கு மூலையும் இழுத்துக் கட்டி
தூண்டில் முடிச்சுப் போட்டேன்.

கேசிங்கின் பொத்தான் வேறு வம்சம், வயர் ஏறாது.
வாசல் அழைப்புமணியின் பொத்தானைக் கழற்றி ஒட்டினேன்.
வருகிறவர்கள் இனிக் கதவைத் தட்டட்டும்.

வெளியே வைத்த அட்டைப்பெட்டியை
மான் ஒன்று நின்று தின்றுகொண்டிருந்தது.
உத்தரவாதச் சீட்டும் அதற்குள்தான்.

டியூஷன் மாஸ்டர் விதுர்ஷன் எட்டிப் பார்த்து
"நம்மட ஊர் மாதிரியே இருக்கு" என்றான்.
எனக்குக் கோபம் வந்தது.
இது பெட்டி. பிழைத்தால் கழற்றலாம்.
மூன்று கால் வளைந்தால் ஊசி போதும்.

பொத்தானை அழுத்தினேன்.
விசிறி துடித்து, நின்று, மறுபடி சுற்றியது.
கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து.
திகதி: 01/01/2009.

போட்டின் பற்றரி செத்திருந்தது.
செத்தால் கம்பனி வைத்த முதல் நாளுக்குப் போகுமாம்.
அதற்கு ஒரு அர்த்தமும் இல்லையாம்.

கதிரையைப் பின்னால் தள்ளினேன்.
அந்தத் தையில் அண்ணா வன்னியில்.
ஒரே நம்பரை நாங்கள் திருப்பித் திருப்பி அடித்தபடி
இங்கே.

விசையை அழுத்தி வருஷத்தை ஏற்றினேன்.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு,
விரலை எடுக்காமல்,
பதினைந்தையும் பத்தொன்பதையும் பார்க்காமல்.
இந்த வருஷம் வந்ததும் சேமித்தேன்.

கரண்ட் போனது.
வந்தது.
ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.
கடைக்காரர் பாதிக் கதவை இறக்கியிருந்தார்.
நாணயம் போல ஒரு பற்றரி, நூற்றிருபது ரூபாய்.
முழுப் பெட்டியிலும் புதுச் சாமான் அது ஒன்றுதான்.

இரவு பாமினியில் முதல் தாளை அடித்தேன்.
தரம் ஐந்து, பயிற்சி வினாத்தாள்.
பகுதி ஒன்று: பொருத்துக.
யானை, ஆந்தை, குதிரை, தவளை இடப்பக்கம்.
கனைக்கும், கத்தும், பிளிறும், அலறும் வலப்பக்கம்.
நடுவில் தாராளமாக இடம் விட்டேன்,
பிள்ளைகள் கோடு இழுக்க.
தங்கூசி சூட்டில் கொஞ்சம் இளகுகிற மணம்.
நாளைக்கு இன்னொரு சுற்றுச் சுற்ற வேண்டும்.
தாளுக்கு அறுபது ரூபாய்.
விடியமுன் வேணும் என்று சொல்லியிருக்கிறான்.