மேசைவிரிப்பு

விருந்தை வரைந்தவர் பெயர்
கீழே வலது மூலையில் இருக்கிறது.
நான் அதன் விரிப்பை மட்டும் வரைந்தவன்.
ட்ரெவீசோ மடத்து உணவுக்கூடத்தில்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
பதினேழு முழ வெள்ளை.

வெள்ளை என்கிறேன்,
அதில் வெள்ளை கொஞ்சம்தான்.
மயிலின் நிழல் விழும் இடத்தில் பச்சை,
மதுக்குவளைக்கு அடியில் சிவப்புக் கசிவு,
முழங்கைகள் ஊன்றிய இடமெல்லாம் சாம்பல்.

பார்க்க வருகிறவர்கள்
வெள்ளித் தட்டுகளை எண்ணுகிறார்கள். நாற்பத்தொன்று.
முகங்களை எண்ண எவருக்கும் தோன்றுவதில்லை.
எங்களிடம் இருந்த தட்டு ஒன்றே ஒன்று,
அதையும் அடகுக்கடைக்காரர் மனைவி
காலையில் தந்து மாலையில் துடைத்து வாங்கிப் போவாள்.
மாதிரிக்கு வைத்த மயில் ஆறாம் நாள் நாறியது.
பசியில் ஜாகோமெல்
மெழுகு அத்திப்பழத்தைக் கடித்துவிட்டான்;
உற்றுப் பாருங்கள்,
மூன்றாவது கூடையில் பல் தடம்.

நடுவில் செம்பட்டு உடுத்தி அமர்ந்திருப்பவர்
கவால்தோ, உப்புக் குத்தகைக்காரர்.
இந்த ஊரில் யார் அழுதாலும்
கண்ணீரில் அவருக்கு ஒரு பங்கு உண்டு.
சிங்கமுக உப்புக்குடுவை
அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்றார்,
மற்றவர்கள் கேட்டு வாங்கட்டும்.
கடல் கடந்து வந்த நீலத்தை
விருந்தாளிகள் மேலெல்லாம் அள்ளிப் பூசச் சொன்னார்.
நீலத்துக்குப் பணம் இன்னும் வரவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
அவர் மைத்துனர் நிக்கோலோசோ
சில கணக்குகளையும் சேர்த்து
நினைவில் வைத்திருந்தார்.

ஏப்ரலில் அவருக்கு வலப்பக்கம் இரண்டாம் நாற்காலி.
மே மாதம் ஒன்பதாவது.
ஜூனில் கவால்தோ வந்தார்,
நாற்காலியே வேண்டாம் என்றார்.
குரலை உயர்த்தவில்லை.
வாயிலிருந்த பாதாம் பருப்பை
மென்று முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

எஜமானர் சுரண்டினார்:
தாடி, மூக்கு,
போன வாரம்தான் உயிர் வந்திருந்த இடக்கண்.
அந்த இடத்தில் ஒரு தூண் எழுந்தது.
நல்ல தூண்.
விருந்துக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டதென்று
மடத்துத் தலைவர் மெச்சினார்.

மேசைக்குக் கீழே முழங்கால்கள் மிச்சமிருந்தன.
பழுப்புக் காலுறை, ஒன்று தளர்ந்து சரிந்தது.
'விரிப்பை இழுத்து மூடிவிடு' என்றார் எஜமானர்,
தூரிகை கழுவும் சாக்கில் திரும்பிக்கொண்டு.

மூடினேன்.
அழகான மடிப்பு விழுந்திருக்கிறது அங்கே.
துணி காற்றில் அசைவதுபோல என்கிறார்கள்;
சாளரமில்லாத கூடத்தில் காற்று ஏது?

ஈயவெள்ளையைப் பற்றி
எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்:
வயதாக வயதாக மெலியும்,
கண்ணாடி போலாகும்,
அடியில் கிடப்பது மெல்ல மேலே வரும்.
நூறு வருடம் ஆகலாம், இருநூறும் ஆகலாம்.
அதனால் கனமாக மூன்று பூச்சு கொடுப்போம்.

நிக்கோலோசோ வீட்டுக் கதவில்
இப்போது வேறொருவர் பூட்டு.
நான் கொடுத்தது ஒரு பூச்சு,
அதிலும் எண்ணெய் தாராளம்.