மூன்றாம் காட்சிப் பாட்டு

அனெக்ஸைக் காலி செய்கிற பெண்
சாவியைத் தேடியபடி பாடவேண்டும்.
மூன்று நிமிஷம். அதற்குள் பின்னால்
இரண்டு பேர் கட்டிலைத் தூக்கிப் போய்விடுவார்கள்.
ஜெனோவா அக்கா தந்த குறிப்பு இவ்வளவுதான்.

சுரங்கவுக்குத் தமிழ் தெரியாது.
பாண், பரிப்பு, பொல் சம்போல் என்று
மெட்டுக்குள் கடைச் சாமானை அடைத்துப் பாடி
போனில் அனுப்புவான்.
பரிப்பு இருந்த இடத்தில் நான் துயரத்தை வைத்தேன்.
பாண் இருந்த இடத்தில் 'யார்'.
'கடல்' என்று முடித்தால்
உச்சத்தில் வாய் மூடுகிறது, திற என்றான்.
'கடலே' ஆயிற்று.
ஒரு ஏகாரத்துக்காகக் கடலைக் கூப்பிட்டாள்,
கடலோடு ஒரு கதையும் இல்லாதவள்.

வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
டியூஷன் விட்ட பிறகு மாடியில் ஒத்திகை.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட இருபடிச் சமன்பாடு.
எத்தனை மணிக்குத் தொடங்கினாலும்
இரண்டாம் சரணத்து மூன்றாவது வரிக்கு
ஏதோ ஒரு ரயில் வந்துவிடும்.
ஜன்னல் நடுங்கும்.
பிளேன்டீக் கோப்பைகள் ஒன்றையொன்று இடிக்கும்.
மிருணாளி நிறுத்தமாட்டாள்.
உதடு மட்டும் அசையும்,
சாவி கிடைத்ததுபோல் கை மூடும்,
ரயில் போனதும் அடுத்த வரியில் குரல் திரும்பும்.

பொரளையில் அரங்கேற்றம்.
ஏசி. சிவப்புக் கதிரைகள்.
கொட்டாஞ்சேனையிலிருந்து வான் பிடித்து வந்த சனம்.
ரயில் இல்லை.

மூன்றாவது வரி வந்தது.
மிருணாளி உதட்டை அசைத்தாள்.
சுரங்க கீபோர்டிலிருந்து கையை எடுத்திருந்தான்,
அவனுக்கும் அது பழகிப்போயிற்று.
எட்டு எண்ணிக்கை.
கட்டில் தூக்கினவர்கள்கூட நின்றுவிட்டார்கள்,
ஒரு கால் திரைக்கு வெளியே.
எனக்கு முன்னால் இருந்த மனிசன்
இருமலை விழுங்கினார்.

பிறகுதான் 'கடலே' என்று எழும்பினாள்.

வாசலில், மழைக்கு ஒதுங்கிய ஒருத்தி கேட்டாள்:
"அந்த இடத்தில அவள் என்ன சொன்னவள்?"
எழுதினது நான் என்று அவவுக்குத் தெரியாது.
"விளங்கேல்லை" என்றேன்.

நல்ல வரி இல்லை அது.
கட்டிலுக்கு எதுகையாகத் தொட்டிலைப் போட்டு
விடியப்புறம் தூக்கக் கலக்கத்தில் ஒப்பேற்றியது.
கொப்பியில் இன்னும் கிடக்கிறது.
மாற்றி எழுதச் சொன்னால் எழுதுவேன்.
ஒருவரும் சொல்லவில்லை.