எஸ். எப்ராயீம், துணைத்தலைவர்

கழகம் என்றால் பத்துப் பேர் வேண்டும்.
அறிவிப்புப் பலகையில், விதி எண் நான்கு.
பத்து இருந்தால் ஆண்டுக்கு அறுநூறு ரூபாய்,
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் சாவி.
பறவை பார்க்க நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம்.

சிற்றாலயத்து வேதாகமத்தைப் புரட்டி
விரல் நின்ற இடத்தில் ஒரு பெயர் எடுத்தான் டெரிக்.
எஸ். எப்ராயீம், முதலாண்டு வணிகவியல்.
எஸ் எதுக்கு, என்றாள் நூர்ஜகான்.
அப்பா இல்லாம எப்படி, என்றான்.

ராயபுரத்தில் என்ன பறவை இருக்கிறது?
காக்கை. காக்கை. மீன் ஏலத்துக்கு மேலே
சுற்றிச் சுற்றி வரும் செம்பருந்து.
தண்ணீர்த் தொட்டியில் மாடப்புறா.
ஒருமுறை கால்வாயில் ஒரு மடையான்,
அதுவும் டயர் மேல் நின்றது.
ஆண்டறிக்கை மெலிந்துவிடக் கூடாதென்று
அரியவற்றை எல்லாம் அவர் கணக்கில் எழுதினேன்.
பூநாரை, பன்னிரண்டு, எண்ணூர்க் கழிமுகம்.
பார்த்தவர்: எஸ். எப்ராயீம்.
ஒரு கூட்டத்துக்கும் வராதவர்
எங்கள் எல்லாரையும்விட அதிகம் பார்த்திருந்தார்.
இரண்டாம் ஆண்டில் துணைத்தலைவரானார்,
போட்டியின்றி.

கல்லூரி மலருக்குப் படம் எடுத்தபோது
பின்வரிசையில் ஓர் ஆள் அகலம் விட்டு நின்றோம்.
நெருங்கி நில்லுங்க, என்றார் படக்காரர்.
நாங்கள் நெருங்கவில்லை.

மூன்றாமாண்டு நவம்பரில்
கட்டணம் கட்டாதவர் பட்டியல் ஒட்டினார்கள்.
சவரிமுத்து மகன் டெரிக், பக்கத்தில் தொகை.
மறுவாரம் தொகையும் இல்லை, பெயரும் இல்லை.
அத்திப்பட்டுப் பக்கம் கன்டெய்னர் யார்டில்
இரவெல்லாம் பெட்டி எண் குறிக்கிறானாம்.
ஆலோசகர் மேடம் பச்சை மையில் எழுதினார்:
நீக்கப்பட்ட மாணவர் கையொப்பம் செல்லாது.
பிஸ்கட்டுக்காக ஒரு முதலாண்டுப் பெண் சேர்ந்தாள்.
எண்ணிக்கை மறுபடி பத்து.

டிசம்பர் முதல் வெள்ளி, நாலரை மணிக்கு
பின்வாசல் வழியாக வந்தான்,
ஒளிரும் மஞ்சள் மேல்சட்டை, கண் நிறையத் தூக்கம்.
பதிவேட்டை இழுத்து
எப்ராயீம் கட்டத்தில் கையெழுத்துப் போட்டான்.
நான் தடுக்கவில்லை.
சேராதவனை யார் நீக்க முடியும்?
'டெரிக் வரவில்லை. எப்ராயீம் வந்திருந்தார்'
என்று குறிப்பில் எழுதினேன்.
பேனா இரண்டு இடத்தில் நின்றது.

விடிகாலையில மூணாவது பெட்டி மேல ஏறுனா
கழிமுகம் தெரியுது, என்றான்.
சாம்பத் தண்ணிதான். ஆனா பூநாரை.
எத்தனை?
நாப்பத்தொண்ணு வரிக்கும் எண்ணேன்,
அப்பால லாரி வந்துச்சு.

பிப்ரவரியில் மேன்மைக் கழகத்தில் என்னைச் சேர்த்தார்கள்.
எழுபத்தைந்துக்கு மேல் மதிப்பெண், அரியர் இல்லை, நன்னடத்தை.
நீலப் பூச்சில் ஒரு விளக்குச் சின்னம்,
ஊசி மட்டும் வளைந்திருந்தது.
மெழுகுத்திரி ஏந்தி, முதல்வர் சொல்லச் சொல்ல:
உண்மையல்லாத எதிலும் கையொப்பமிடேன்.
பெருவிரலில் மெழுகு விழுந்தது.
வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில்
நின்றுபோன லாரிகள் ஹாரனை விடாமல் அழுத்தின.
என் வாய் அசைந்ததை மூன்றாம் வரிசையிலிருந்து
அம்மா பார்த்தாள்.
சத்தம் வந்ததா என்று எனக்கே தெரியாது.

அடுத்த வெள்ளி சின்னம் பையிலேயே இருந்தது.
பதிவேட்டில் பழைய பக்கத்துக்குப் போய்
அந்தப் பன்னிரண்டின் மேல் அளவுகோலை வைத்தேன்.
அத்த அடிக்காத, என்றான் டெரிக்.
அது அவன் பாத்தது.
நான் பாத்தத தனியா எழுது.

யார் பெயரில் என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அந்த முதலாண்டுப் பெண்,
வாயில் பிஸ்கட்டோடு:
எப்ராயீம் அண்ணா, எஸ்னா என்ன?

சவரிமுத்து, என்றான், யோசிக்காமல்.

பொட்டலத்தில் இரண்டு மிச்சமிருந்தன.
அவன் பக்கம் தள்ளினேன்.