அறுபத்தொன்றாவது நிமிடம்

புரசைவாக்கம் தானா தெருவில்
ஸ்கேன் சென்டரின் மாடிப்படிக்குக் கீழே
செருப்பு ஸ்டாண்டை ஒட்டி நிற்கிறது சர்வர்.
மணிக்கொரு முறை தானே அணைந்துகொள்கிறது.
"காத்து கருப்பு ஏதாவதா மேடம்?"
எலுமிச்சம்பழம் வாங்கி வரட்டுமா என்கிறார்
வாட்ச்மேன் ஏசுபாதம்.

காத்துமில்லை, கருப்புமில்லை.
திரையின் வலது மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது:
சோதனைப் பதிப்பு. கெடு முடிந்தது.
நூற்று எண்பது நாள் ஓசியில் ஓடும்.
கெஞ்சினால் இன்னொரு நூற்று எண்பது, அப்புறம் இன்னொன்று.
கெஞ்சுவதற்கும் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள்.
அதன்பின் ஒரு மணி நேர உயிர்தான்,
யாரோ ஒருத்தியின் கருப்பை பாதி ஏறிய நிலையில்
திரை இருண்டுவிடும்.

டாக்டர் தியாகேசன் உரிமத்துக்குப் பணம் கட்டிவிட்டார்.
கீ வாட்ஸ்அப்பில் வந்தது, காகிதத்தைப் படமெடுத்து,
மூன்றாவது கட்டத்தின் மேல் அவர் கட்டைவிரல்.
இருபத்தைந்து எழுத்தில் இருபத்துநான்கு தெரிகிறது,
அதிலும் ஒன்று மங்கல்.
"பியா சார், எட்டா சார்?"
இரவு பதினொன்றரைக்கு ஒரு நிபுணர்
கண்ணாடியைத் தேடித் தடவும் சத்தம்.
எட்டு. விரலுக்கடியில் இருந்தது க்யூ.

கட்டளையை அடித்தேன். மறுத்தது.
அப்போதுதான் பார்த்தேன்:
போட்டுக்கொடுத்தவன், சும்மாதானே என்று,
இருப்பதிலேயே பெரிய எடிஷனை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான்.
டேட்டாசென்டர். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்.
டாக்டர் வாங்கியிருப்பது ஸ்டாண்டர்டு.
சிறியதிலிருந்து பெரியதுக்கு ஒரே வரியில் ஏறலாம்.
பெரியதிலிருந்து இறங்க வரியே கிடையாது.
துடைத்துவிட்டு முதலிலிருந்து வா என்கிறது.

துடைத்தேன்.
அதற்கு முன் நாலாயிரம் வயிறுகளையும் முழங்கால்களையும்
ஒரு ஹார்டு டிஸ்கில் இறக்கிவைத்தேன்.
நடுவில் இரண்டு தடவை செத்தது,
இரண்டு தடவையும் விட்ட இடத்திலிருந்து.
அந்நேரம் பார்த்து என் கம்பெனியின் தானியங்கி மெயில்:
தங்கள் ஒப்பந்தம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது.
ஐந்தாவது தடவை.
நன்றி என்று ஒரு வார்த்தை பதில் போட்டுவிட்டு
அடுத்த ஃபோல்டரைத் திறந்தேன்.

நாலு மணிக்குப் புது சிஸ்டம் எழுந்தது.
இணையம் எழவில்லை. மெட்ரோவுக்குத் தோண்டிய இடத்தில்
கேபிள் அறுந்து இரண்டு நாளாகிறது.
ஃபோனில் செய்யலாம்.
ஒன்பது கட்டம் எண்களை அழுத்தினேன்,
தூங்காத ஒரு மெஷின் குரல்
வேறு எட்டுக் கட்டம் எண்களைத் தந்தது.
நான் உரக்கச் சொல்லச் சொல்ல
ஏசுபாதம் ஸ்கேன் கவரின் பின்புறம் எழுதினார்.
இருபது வருடம் 29சி-யில் கண்டக்டராக இருந்தவர்.
திருப்பிப் படித்தபோது ஒவ்வொரு கட்டமும்
ஒரு ஸ்டாப்பிங்போல வந்து நின்று நகர்ந்தது.

ஆக்டிவேட் ஆகிவிட்டது என்றது திரை.
நாங்கள் நம்பவில்லை.
டீ வாங்கிவந்து படியில் உட்கார்ந்து
ஒரு மணி நேரம் அதன் பச்சை விளக்கையே பார்த்தோம்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.
அறுபதில் அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.
அறுபத்தொன்று.
விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

ஷட்டரைத் தூக்கினால் வெளியே ஒருவர்,
காலி லிட்டர் பாட்டிலோடு, நெளிந்துகொண்டு:
"முழுசும் குடிச்சிட்டேன் மேடம்.
இன்னைக்காவது மெஷின் ஓடுமா?"